சீமெந்து செய்த ஊரின் வீடுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே செல்லும் புகையிரதப் பாதை காங்கேசன்துறைக் கடற்கரையில் முடிவுறுகிறது. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்னும் தரிப்பிடங்களைத் தாண்டி வண்டி கடலை நெருங்கும்போது, செம்மண் தோட்டங்களுக்கும் பனங்கூடல்களுக்கும் அப்பால், கைவிடப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலை நிற்கும் நிலத்தை அடைகிறோம். யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதியோர் நல்லூர் அரசிருக்கையைப் பற்றி எழுதினர். ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றி எழுதினர். கோயில்களின் தலபுராணங்களைத் தேடிப் பதிப்பித்தனர். இவை யாவும் வேண்டியவையே. ஆயின் உழைப்பவன் எங்கே உறங்கினான், அவன் தலைக்கு மேலிருந்த கூரை எத்தகையது, அக்கூரை நின்ற நிலம் யாருடையது என்னும் கேள்விகளை அவ்வரலாறுகள் பெரிதும் கேட்டதில்லை. குடாநாட்டில் தொழிலாளர் குடியிருப்பின் கதையை ஆராயப் புகுவோர் அரண்மனையையும் கோட்டையையும் விட்டு இந்தக் காங்கேசன்துறைக்கே வருதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்கள் வருவது குன்றிற்று. பிறநாட்டுப் பொருளையே நம்பியிருந்த இலங்கை, சாமான்ய பொருள்களுக்கும் தட்டுப்பட்டது. தோட்டப் பயிர்களை மட்டும் விளைவித்து மற்றவை அனைத்தையும் இறக்குமதி செய்யும் குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் வறுமை அப்பொழுது யாவர்க்கும் புலனாயிற்று. போரின் பின், சுதந்திரத்தின் தொடக்க ஆண்டுகளில் எழுந்த அரசாங்கத் தொழிற்சாலைகளுள் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை முதன்மையான ஒன்று. 1950இல் அது உற்பத்தியைத் தொடங்கியது. கல் காலடியிலேயே கிடந்தது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்தது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். களிமண் மட்டும் இங்கே இல்லை; அது மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. கல்லும் மண்ணும் சூளையில் வெந்து சீமெந்தாகி, வந்த பாதையாலேயே தெற்கே சென்றது. கொழும்பில் எழுந்த புதிய கட்டடங்கள் பலவற்றிலே வலிகாமத்தின் பாறையும் முருங்கன் மண்ணும் கலந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

அந்நாளில் கைத்தொழில் அமைச்சராயிருந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். காங்கேசன்துறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்தவர் சா. ஜே. வே. செல்வநாயகம். 1948இல் மலையகத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமும் இவ்விருவரையும் பிரித்தன. பின்னதற்குப் பொன்னம்பலம் ஆதரவளித்தார். செல்வநாயகம் விலகி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வடக்கிலே ஒரு தொழிற்சாலை எழுந்த அதே ஆண்டுகளில் மலையகத்திலே பல்லாயிரம் தொழிலாளர் நாடற்றவராயினர். தொழிற்சாலையைப் போற்றும் யாழ்ப்பாணத்தவர் பலர் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் நினைப்பதில்லை. நாம் நினைத்தல் வேண்டும். ஏனெனில் இலங்கையில் தொழிலாளர் குடியிருப்பு என்ற சொல்லுக்கு அன்று இருந்த முதற்பொருள் தோட்டத்து லயமே. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒற்றை அறை, அடுத்தடுத்துச் சுவரைப் பங்கிட்டு நிற்கும் அறைவரிசை, தகரக் கூரை, வேலை போனால் அன்றே வெளியேற வேண்டிய வீடு. துரையின் பங்களா குன்றின் மேலும் லயம் பள்ளத்திலும் இருந்ததைக் கட்டடக்கலை என்று எவரும் சொல்லார். ஆனால் அதுவும் கட்டடக்கலையே. யார் யாரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அளந்து அமைத்த கலை.

சீமெந்து வருமுன் குடாநாட்டில் வீடுகள் எவ்வாறிருந்தன? வசதியுள்ளோர் நாற்சார் வீடு கட்டினர். நடுவிலே முற்றம், அதனைச் சுற்றி நாற்புறமும் விறாந்தையும் அறைகளும், மழைநீர் முற்றத்தில் விழுந்து ஓடும், வெயிலும் காற்றும் அளவாக உள்ளே வரும். தெருவோரத்தில் சங்கடப்படலை, வழிப்போக்கர் அதன் நிழலில் இளைப்பாறலாம். சுவருக்குக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், கூரைக்குப் பனைமரத்து வளையும் சிலாகையும், மேலே ஓடு. உள்ளூர்ச் சூளையில் வெந்த சுண்ணாம்பு நாள்பட நாள்பட இறுகிக் கல்லாகும். இவை அழகிய வீடுகள் என்பதில் ஐயமில்லை. இவற்றைப் புகழ்ந்து எழுதுவோர் இன்று பெருகியிருக்கின்றனர். ஆயின் அவ்வீட்டின் சுவரை எழுப்பியவனும், கிணற்றைத் தோண்டியவனும், பனை தறித்து வளை செப்பமிட்டவனும் அந்த விறாந்தையில் ஏறி உட்கார முடியாது என்பதை அவர்கள் எழுதுவதில்லை. அவன் வீடு மண்சுவரும் பனையோலைக் கூரையும் கொண்ட கொட்டில். அதுவும் பெரும்பாலும் பிறருடைய காணியில் நின்றது. வேலி கட்டலாம், மரம் நடலாம், காணி அவனுடையதன்று. காணிக்காரன் சினந்தால் கொட்டிலைப் பிரிக்க வேண்டியதுதான். லயத்துத் தொழிலாளிக்கும் இவனுக்கும் இந்த ஒன்றில் வேறுபாடில்லை.

தொழிற்சாலை இந்த ஒழுங்கிலே ஒரு சிறு கீறலை உண்டாக்கியது. அரசாங்கத் தொழிற்சாலையில் மாதச் சம்பளம் உண்டு. அச்சம்பளம் காணிக்காரனின் முகம் பார்த்து வருவதன்று. உத்தியோகத்தர்க்கென விடுதிகளும் எழுந்தன. ‘குவாட்டர்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லே ஊர் வழக்கில் நிலைத்தது. அரசாங்க விடுதிகளுக்கு நாடெங்கும் ஒரே இலக்கணம்: முன்னே விறாந்தை, நடுவே கூடம், பக்கத்தில் படுக்கையறைகள், பின்னே குசினி. பதவி உயர உயர அறைகளின் எண்ணிக்கை கூடும், வீடுகளுக்கிடையே தூரமும் கூடும். வீட்டைப் பார்த்தே அதில் வாழ்பவரின் சம்பளத்தை ஊகிக்கலாம். குன்றும் பள்ளமுமாக அமைந்த தோட்டத்தின் ஏற்றத்தாழ்வு இங்கே தட்டைநிலத்தில் வரைபடமாயிற்று என்று சொல்லத் தோன்றும். அது முழு உண்மையன்று. வகுப்பு வேறுபாட்டைச் சுவரில் எழுதிய அதே விடுதி முறை, யாழ்ப்பாணத்தில் மற்றொரு வேலையையும் செய்தது. வீடு பதவிக்குரியது, குலத்துக்குரியதன்று. பக்கத்து வீட்டுக்கு யார் வருவார் என்பதை ஊர்ப் பெரியவர் தீர்மானிக்கவில்லை, அலுவலகக் கோப்பு தீர்மானித்தது. சாதிவாரியாகப் பிரிந்து குறிச்சி குறிச்சியாகக் குடியிருந்த குடாநாட்டில் இது அற்பமான மாற்றமன்று. முற்போக்காளராகிய நாம் அரசாங்க அலுவலகக் கோப்பைப் புகழ்வது அரிது. இங்கே புகழத்தான் வேண்டியிருக்கிறது.

எனினும் விடுதி கிடைத்தவர் சிலர். தொழிலாளரிற் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் வந்து முறைவேலை செய்து திரும்பினர். அவர்களுக்கு வீடு அமைப்பது அரசாங்கத்தின் கடமையென்ற எண்ணம் வலுப்பெறவில்லை. ‘ஊரிலே வீடிருக்கிறதே’ என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே காலத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடைத்து. முதற் போரின் பின் வியன்னா நகரசபை, செல்வர் மீது வீட்டுவரி விதித்து அப்பணத்தால் தொழிலாளர்க்கு மாளிகைகள் கட்டியது. 1930இல் நிறைவேறிய கார்ல் மார்க்ஸ் ஹோப்பில் 1,382 வீடுகள். ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளம். உள்ளே பூந்தோட்டங்கள், சலவைக்கூடங்கள், சிறுவர் பள்ளிகள், நூலகம். 1934 பெப்ரவரியில் பிற்போக்கு அரசு அதன் மீது பீரங்கி சுட்டது. தொழிலாளர் வீட்டைக் கோட்டையாகக் கண்டு அஞ்சியது எது என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

இரண்டாம் போரின் பின் இத்தாலியில் 1949ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தொழிலாளரும் முதலாளிகளும் அரசும் பங்கு செலுத்தும் நிதியொன்றை அமைத்தது. பதினான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 3,55,000 வீடுகள் எழுந்தன. அந்தச் சட்டத்தின் முதல் நோக்கம் வேலையில்லாதோர்க்கு வேலை தருவது. வீடு அந்த வேலையின் விளைவு. ஆகவே இயந்திரத்தால் வார்த்துப் பொருத்தும் முறையை ஒதுக்கி, கொத்தனார் கையால் செங்கல் அடுக்கும் முறையையே வேண்டுமென்று கைக்கொண்டனர். உரோம நகரின் திபுர்தீனோக் குடியிருப்பில் குவாரோனி, ரிதோல்பி முதலிய கட்டடக்கலைஞர் கிராமத்து முற்றத்தையும் வெளிப்படிக்கட்டையும் ஓட்டுக் கூரையையும் மீட்டெடுத்தனர். 1948இல் வந்த ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தைக் கண்டவர்கள், சுவரொட்டி ஒட்டும் தொழிலாளி அந்தோனியோ நகரின் ஓரத்திலே, வீட்டுக்குள் குழாய் நீரில்லாத குடியிருப்பில் வாழ்ந்ததை மறந்திருக்க மாட்டார்கள். அப்படத்தின் நாட்டிலேதான் மறு ஆண்டு இச்சட்டம் பிறந்தது. அத்திட்டத்திலும் குறைகள் மிகுதி. நகருக்கு வெகு தூரத்தில் குடியிருப்புகளை எழுப்பி நிலவணிகர்க்கு இலாபம் தேடித்தந்தது என்று இத்தாலிய இடதுசாரிகளே சாடினர். ஆயினும் கட்டுபவனுக்குக் கூலி, வாழ்பவனுக்கு வீடு என இரண்டையும் ஒரே கணக்கில் வைத்த அந்தச் சிந்தனையை நாம் மனத்திற் கொள்வோம். அது பின்னர் வேண்டப்படும்.

இலங்கையிலும் 1954இல் தேசிய வீடமைப்புச் சட்டம் வந்தது. கடன் பெற்று வீடு கட்டலாம் என்றது. கடன் பெறுவதற்குக் காணி உறுதி வேண்டும். உறுதியற்றவனுக்கு அச்சட்டம் வெறுங் காகிதமே. 1973இல், பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது, வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் நிறைவேறிற்று. மிகையான வீடுகளை அரசு எடுத்துக்கொண்டது; வாடகைக் குடியிருப்பாளர் தாம் வாழ்ந்த வீட்டையே உடைமையாக்கிக்கொள்ள வழி பிறந்தது. இது இந்நாட்டு இடதுசாரிகள் செய்த துணிவான செயல்களுள் ஒன்று. ஆனால் அது வாடகை வீடுகள் மலிந்த கொழும்புக்கு ஏற்ற மருந்து. யாழ்ப்பாணத்துக் கொட்டிலில் வாழ்ந்தவனுக்கு வேண்டியது அவன் கொட்டில் நின்ற இரண்டு பரப்புக் காணி. வீட்டுக்கு உச்சவரம்பு வந்தது. வேலிக்குள் கிடந்த வளவுகளுக்கும் தோப்புகளுக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை.

சம்பளம் கையில் வந்ததும் காணி வாங்கலாமே என்று வாசகர் கேட்கலாம். வாங்குபவன் எக்குலத்தவன் என்பதைப் பார்த்து விற்கும் ஊரிலே பணம் மட்டும் போதாது. இங்கே ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுவது தகும். தொழிற்சாலைக்குச் சற்றுத் தெற்கே இருப்பது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் சென்ற பொதுவுடைமையினர் பொலிஸாரின் தடியடிக்கு ஆளாயினர். அதன் பின்பும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். தடுத்தவர்களின் தலைவராக நின்றவர் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமாகிய சி. சுந்தரலிங்கம். நாட்டின் நவீனத் தொழிற்சாலை பதினெட்டு ஆண்டுகள் புகைந்துகொண்டிருந்த ஊருக்கு அருகிலேயே இது நடந்தது. இயந்திரம் வந்தால் பழைமை தானே உதிரும் என்று நம்பியவர்களுக்கு, நம்மில் பலர் அவ்வாறு நம்பினோம், இது கசப்பான பாடம். கோயில் வாயிலையே திறக்க மறுத்தவர்கள் காணி உறுதியை எழுதிக்கொடுப்பார்களா?

ஆயினும் சீமெந்து ஊருக்குள் நுழைந்துகொண்டேயிருந்தது. மணலும் சீமெந்தும் கலந்து அச்சில் இட்டு வெயிலிற் காயவைக்கும் சீமெந்துக் கல், சுண்ணாம்புச் சாந்தின் இடத்தைப் பிடித்தது. அதற்குச் சூளை வேண்டாம். ஒரு அச்சும் இரண்டு கைகளும் போதும். இது வீட்டைச் சிறிது சிறிதாகக் கட்டும் முறையை எளிதாக்கியது. இவ்வாண்டு அத்திவாரம், அடுத்த ஆண்டு சுவர், மகளின் கலியாணத்துக்கு முன் கூரை, பூச்சுப் பிறகு பார்க்கலாம். இதைக் கட்டடக்கலை நூல்கள் குறிப்பதில்லை. கூலியின் வேகத்தில் வளரும் வீடு அது. நாற்சார் வீட்டின் முற்றம் அதில் மறைந்தது; வெக்கை கூடியது. ஆனால் மண்சுவரை விட்டுக் கல்வீட்டில் கால்வைத்த ஒருவனிடம் முற்றத்தின் குளிர்ச்சியைப் பற்றிப் பேசுவதற்கு நமக்குத் தகுதி இல்லை.

இச்சீமெந்துக்கு ஊர் கொடுத்த விலையும் உண்டு. குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை, குடிநீர் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையின் துளைகளிலும் வெடிப்புகளிலும் தேங்கிய மழைநீரே. உப்புநீரின் மேல் நன்னீர் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கிறது. பாறையை ஆழமாக அகழ்ந்தால் அந்த வில்லை கலைந்து கடல்நீர் உட்புகும். கல்லை எடுக்க எடுக்கக் கிணறு உவர்க்கும் அபாயம் வளர்ந்தது. ஆகவே காங்கேசன்துறையில் வீட்டுக் கேள்வியும் கிணற்றுக் கேள்வியும் ஒன்றே. 1981இல் லங்கா சீமெந்து என்ற இரண்டாவது நிறுவனம் தோன்றி உற்பத்தி பெருகிற்று. வேலையும் பெருகியது, அகழ்குழிகளும் பெருகின.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெற்கே ஓடினர். உற்பத்தி நின்றது; பின்னர் தொடங்கவேயில்லை. தொழிற்சாலை, விடுதிகள், கிராமங்கள், மயிலிட்டித் துறைமுகம், பலாலி வரை பரந்த செம்மண் யாவும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. பட்டப்படிப்புப் படித்தவரும் வெளிநாட்டில் உறவினர் உள்ளோரும் கொழும்புக்கும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் சென்றனர்; காணியுள்ளோர் வேறூரில் காணி வாங்கினர். எஞ்சியவர்கள் மல்லாகம் கோணாப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை, கண்ணகி, நீதவான் முதலிய முகாம்களில் தங்கினர். ஓராண்டு ஈராண்டு என்று எண்ணிப் போனவர்கள் கால் நூற்றாண்டைக் கழித்தனர். கிடுகும் தகரமும் சாக்கும் கொண்டு அமைத்த ஒற்றையறை, பக்கத்து அறையின் மூச்சு இங்கே கேட்கும், நிலம் பிறருடையது. அதாவது லயம். தோட்டத் துரை கட்டாத லயம் குடாநாட்டின் நடுவே முளைத்தது. கடைசி வரை அங்கே எஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் கடற்றொழிலாளரும் கூலித்தொழிலாளரும் தாழ்த்தப்பட்ட சமூகத்தினரும் என்பது தற்செயலன்று. முன்பும் காணியற்றிருந்தவர்களே பின்பும் காணியற்றிருந்தனர். போர் எல்லாரையும் துரத்தியது. திரும்ப நிற்பதற்கு இடமுள்ளவர் யார் என்பதைப் பழைய காணி உறுதிகளே தீர்த்தன.

2009இல் போர் முடிந்தபின் வீடமைப்பு மீண்டும் பேசப்பட்டது. இரண்டாவது ‘போருக்குப் பிந்திய’ வீடமைப்பு என்று இதனைச் சொல்லலாம். இந்திய அரசின் உதவியில் வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகள், பெரும்பாலும் குடும்பத்தவரே முன்னின்று கட்டும் முறையில் எழுந்தன. வீடொன்றுக்கு 5,50,000 ரூபா தவணை தவணையாகக் கிடைத்தது; பரப்பு 550 சதுர அடியேனும் இருத்தல் வேண்டும். சொந்தக் கையால் கட்டியதனால் வீட்டை மக்கள் தமதென்று உணர்ந்தனர். அதே வேளை பணம் போதாமல், அத்திவாரத்துக்கும் கூரைக்கும் இடையே கடன்பட்டு நொந்த குடும்பங்களும் பல. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழவே மணலும் கல்லும் கொத்தனார் கூலியும் ஏறின. தவணைத் தொகை ஏறவில்லை.

பின் 2016இல் ஒரு விந்தையான யோசனை வந்தது. ஆர்செலர் மித்தல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனம் 65,000 உருக்கு வீடுகளை வடக்குக் கிழக்கில் பொருத்தித் தரும் என்று அரசாங்கம் அறிவித்தது. முதலிற் கூறப்பட்ட விலை வீடொன்றுக்கு 21 இலட்சம் ரூபாவுக்கு மேல். அதன் பாதிச் செலவிலே சீமெந்துக் கல் வீடு கட்டலாம் என்று இங்குள்ள பொறியியலாளரும் கட்டடக்கலைஞரும் பொருளியலாளரும் எடுத்துரைத்தனர். உருக்குச் சுவர் யாழ்ப்பாணத்து வெயிலில் எவ்வாறிருக்கும், கடற்காற்றில் எத்தனை ஆண்டு நிற்கும், குடும்பம் பெருகினால் அறை கூட்ட முடியுமா, விறகடுப்பு எங்கே வைப்பது என்று கேட்டனர். அனைத்திலும் கூர்மையான கேள்வி வேறொன்று: அத்தனை கோடிப் பணத்தில் உள்ளூர்க் கொத்தனுக்கும் தச்சனுக்கும் கல்வார்க்கும் பெண்ணுக்கும் கிடைக்கும் பங்கு எவ்வளவு? இத்தாலியர் 1949இல் கேட்ட அதே கேள்வியை நம்மவர் அறுபத்தேழு ஆண்டுகளின் பின் கேட்டனர். நாட்டுக்கே சீமெந்து அளித்த மண்ணுக்கு உருக்கு வீட்டைக் கப்பலில் கொண்டுவரும் அந்த யோசனை, எதிர்ப்பினால் தளர்ந்து, அறிவித்தவாறு நிறைவேறாமலே போயிற்று. ஓர் அறிவாளர் கூட்டம் தன் கல்வியைத் தக்க வேளையில் தக்க இடத்தில் செலவிட்டதற்கு இது உதாரணம்.

முகாம் மக்களின் கதை வேறு வழியிற் சென்றது. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன, மக்கள் போராடினர், வழக்குகள் தொடர்ந்தனர். 2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. 2017இல் மயிலிட்டித் துறைமுகம் மீண்டது. முழுவதும் இன்னும் மீளவில்லை. 2015 டிசம்பரில் கோணாப்புலம் முகாமுக்கு வந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ஆறு மாதங்களில் அனைவரையும் குடியமர்த்துவதாகக் கூறினார். 2016இல் கீரிமலையில் காணியற்றோர்க்கென நூறு வீடுகள் கையளிக்கப்பட்டன. அக்குடியிருப்பின் பெயர் நல்லிணக்கபுரம். கட்டியது இராணுவம். வீடுகள் ஒரே அளவு, ஒரே வடிவு, நேர்வரிசை. கூரை உண்டு, கதவு உண்டு; அதை நாம் இகழவில்லை. காணி தந்ததும் பெரிது. ஆனால் கடற்றொழில் செய்பவனுக்குக் கடலும் துறையும் எவ்வளவு தூரம், கூலிக்காரனுக்கு வேலை எங்கே, மகன் மணம் செய்தால் அடுத்த அறை எந்தப் பக்கம் என்பன அந்த வரிசைகளை வரைந்தவர் முன்னே வைக்கப்பட்ட கேள்விகளாகத் தோன்றவில்லை. ஐம்பதுகளின் விடுதியைச் சம்பளப் பட்டியல் வரைந்தது. இதை அணிவகுப்பு வரைந்தது.

2015 சனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. சீமெந்து ஏற்றிச் செல்ல இன்று அதற்கு இங்கே வேலையில்லை. புத்தளத்திலும் திருகோணமலையிலும் மூடையாகிய சீமெந்து தெருவழியே வடக்கே வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை செல்லும் வீதியோரத்தில் கல்வார்க்கும் முற்றங்கள் உண்டு. அங்கே அன்றாடக் கூலிக்கு அச்சிலிருந்து கல்லைக் கழற்றி வெயிலில் வரிசையாக அடுக்குகிறார்கள். மாலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்தக் கற்கள் எந்த வளவுக்குப் போகின்றன என்று கேட்டால், பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தில் எழும் மாடிவீடுகளுக்கு என்பார்கள். உங்கள் வீடு எங்கே என்று கேட்டால், கையை நீட்டி எதிர்ப்புறம் காட்டுவார்கள்.